வரைபடத்தில் வெட்டவெளி: கிளைடர் விமானிகளின் போரும் நமது தீவுகளும்

மேலிருந்து பார்க்கும் விமானிக்கு நெடுந்தீவு நல்ல இறங்குதரை. சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்பில் மலை இல்லை, குன்று இல்லை, ஆறு இல்லை. கட்டாக்காலிக் குதிரைகள் மேயும் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாகக் கிடக்கிறது. அதே தரையில் நடந்து போகிறவருக்குத் தெரிவது வேறு. பவளப்பாறைக் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிய வேலிகள் காணிக்குக் காணி குறுக்கே ஓடுகின்றன. கிணறும் துரவும் பனங்கூடலும் இடையிடையே வருகின்றன. மரமும் துணியுமாகச் செய்த ஒரு விமானம் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வந்து அந்தக் கல்வேலியில் மோதினால், உள்ளே இருப்பவர்கள் பிழைப்பது அரிது.

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ எந்தப் போரிலும் கிளைடர் இறங்கியதில்லை. ஆனாலும் மேலிருந்து தெரியும் தரைக்கும் காலடியில் உள்ள தரைக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு கிளைடர் விமானிகளின் போரைப் புரிந்துகொள்ள முடியாது. இரண்டாம் உலகப் போரில் கிளைடர்கள் பயன்பட்ட நடவடிக்கைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவற்றின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்ததில் விமானியின் துணிவுக்கு இரண்டாம் இடமே கிடைக்கும். இறங்கப்போகும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே என்ன தெரிந்திருந்தது என்பதற்குத்தான் முதலிடம். கிளைடரின் வாரிசான ஹெலிகொப்டர் 1987இல் யாழ்ப்பாணத்தில் படையிறக்க வந்தபோதும் அதே பாடம் திரும்பவும் இரத்தத்தில் எழுதப்பட்டது. அந்தத் தொடர்ச்சியைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கயிற்றின் நுனியில் ஒரு விமானம்

கிளைடருக்கு இயந்திரம் இல்லை. டகோட்டா போன்ற ஒரு விமானம் அதைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும். அமெரிக்கரின் வாக்கோ கிளைடரை இழுத்த நைலோன் கயிறு ஏறக்குறைய 100 மீற்றர் நீளமானது. வல்வெட்டித்துறையில் பொங்கலன்று ஏற்றும் பெரிய பட்டத்தின் கயிற்றைப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த இழுவையின் வலு ஓரளவு விளங்கும். கிளைடரில் கயிற்றின் இரு நுனிகளுமே வானத்தில் இருந்தன.

இழுக்கும் விமானம் பின்னால் கிளப்பும் சுழல்காற்றில் அகப்பட்டால் கிளைடர் தடுமாறிவிடும். ஆகவே அதற்குச் சற்று மேலாகவோ கீழாகவோ தன் விமானத்தைப் பிடித்து வைத்திருப்பதே விமானியின் முழுநேர வேலை. கயிறு தொய்ந்து, பிறகு திடீரென்று விறைத்தால் அறுந்துவிடும். இரவுப் பயணத்தில் முன்னே போகும் விமானத்தின் மங்கிய விளக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு மூன்று மணிநேரம் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் கையும் தோளும் மரத்துப்போகும். பின்னால் இருக்கும் படையினர் வாந்தி எடுப்பார்கள். துணிச்சுவரில் காற்று அறைந்துகொண்டே இருக்கும். கீழிருந்து வரும் குண்டு அந்தத் துணியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும்.

இழுவைக் கயிற்றை விடுவித்த கணத்திலிருந்து ஒரே ஒரு வழிதான் உண்டு: கீழே. இடம் பிழைத்துவிட்டது என்று தெரிந்தாலும் மேலெழுந்து இன்னொரு சுற்று வர முடியாது. உள்ளே இருந்த காலாட்படையினருக்குப் பரசூட்டும் கிடையாது. வாக்கோவின் மூக்கு மேல்நோக்கித் திறக்கும். அதற்குள் 13 படையினரையோ ஒரு ஜீப்பையோ ஏற்றலாம். மோதலில் பின்னாலிருக்கும் ஜீப் அவிழ்ந்து முன்னால் பாய்ந்தால் விமானிகள் இருவரும் நசுங்குவார்கள். இதற்காக ஜீப்பையும் மூக்குப் பகுதியையும் ஒரு கம்பிவடத்தால் இணைத்திருந்தார்கள். ஜீப் முன்னால் பாய்ந்தால் வடம் மூக்கை இழுத்து உயர்த்தும். விமானிகள் தங்கள் இருக்கைகளோடு மேலே போக, ஜீப் அவர்களுக்குக் கீழாக வெளியேறும். அந்த ஏற்பாடு சில வேளை வேலை செய்தது.

வாக்கோ கிளைடர்கள் 13,900க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ஃபோர்டு மோட்டார் நிறுவனம் மட்டுமன்றி, பியானோ செய்த ஸ்டெயின்வே நிறுவனமும் இதன் பாகங்களைச் செய்தது. பிரித்தானியரின் ஹோர்சா கிளைடர் பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் ஆனது. அதன் பாகங்கள் தளபாடத் தொழிற்சாலைகளில் உருவாயின. அவசரத்தில் பிறந்த இந்தத் தொழிலின் ஆபத்து 1943 ஓகஸ்ட் 1ஆம் நாள் பொதுமக்கள் முன்னிலையில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த காட்சிப் பறப்பில், இறக்கையைத் தாங்கும் இணைப்பு ஒன்று முறிந்து கிளைடர் விழுந்தது. நகர மேயர் உட்பட உள்ளிருந்த 10 பேரும் இறந்தார்கள். அந்த உதிரிப்பாகத்தைச் செய்த துணை ஒப்பந்தக்காரர் முன்பு சவப்பெட்டி செய்தவர்.

தரையிறங்கிய பின் விமானி என்ன செய்வது என்பதில் இரு நாடுகளும் இருவேறு வழியில் போயின. 1942 பெப்ரவரியில் உருவான பிரித்தானிய கிளைடர் விமானிகள் படைப்பிரிவில், விமானி இறங்கியவுடன் துப்பாக்கி எடுத்துப் போரிட வேண்டும். அதன் தளபதி ஜோர்ஜ் சாட்டர்டன் ‘முழுமையான படைவீரன்’ என்ற கொள்கையில் தம் ஆட்களைப் பயிற்றினார். அமெரிக்க விமானிகளை, முடிந்தவரை விரைவாகப் பின்வாங்கித் தளம் திரும்பும்படி அறிவுறுத்தினார்கள். அவர்களின் சட்டையில் ‘ஜி’ எழுத்துப் பொறித்த இறக்கைச் சின்னம் இருந்தது. அந்த எழுத்து கிளைடரைக் குறிக்கிறது என்றது இராணுவம். நெஞ்சுரத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து என்றார்கள் விமானிகள்.

தரையை அறிந்து இறங்கியவர்கள்

முதலாம் உலகப் போருக்குப் பின் வேர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் இயந்திர விமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதனால் அந்நாட்டு இளைஞர்கள் கிளைடர் பறப்பில் இறங்கினார்கள். அந்தத் திறமை 1940 மே 10ஆம் நாள் விடியற்காலையில் பெல்ஜியத்தின் எபன் எமேல் கோட்டைமீது போராக வந்து இறங்கியது. 11 கிளைடர்களில் 85 பேர் புறப்பட்டு, 9 கிளைடர்கள் கோட்டையின் கூரைமீதே இறங்கின. பல நூறு காவல் வீரர்கள் இருந்த கோட்டை மறுநாள் சரணடைந்தது. ஜெர்மானியர் இழந்தவர்கள் 6 பேர். இவ்வளவு சிறிய இழப்புக்குக் காரணம் பல மாத ஒத்திகை. கூரையில் எந்தப் பீரங்கி எங்கே இருக்கிறது, எந்தக் கிளைடர் எதன் அருகே நிற்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே வகுக்கப்பட்டிருந்தது.

நேச நாடுகளின் தரப்பில் இதற்கு இணையானது 1944 யூன் 6ஆம் நாள் நள்ளிரவு கடந்து நோர்மண்டியில் நடந்தது. மேஜர் ஜோன் ஹவர்டின் ஆட்கள் 6 ஹோர்சாக்களில் கான் கால்வாய்ப் பாலத்தையும் ஓர்ன் ஆற்றுப் பாலத்தையும் பிடிக்கப் போனார்கள். முதல் கிளைடரை ஓட்டியவர் ஸ்டாஃப் சார்ஜன்ட் ஜிம் வோல்வேர்க். இரவு 12.16 மணியளவில், திசைகாட்டியையும் நிறுத்தற்கடிகாரத்தையும் நம்பி, பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் அதை நிறுத்தினார். மோதிய வேகத்தில் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே எறியப்பட்டார். சில நிமிடங்களில் பாலம் கைப்பற்றப்பட்டது. போரின் மிகச் சிறந்த விமானம் ஓட்டும் சாதனைகளில் ஒன்றாக இது புகழப்பட்டது. அந்தப் புகழில் பாதி, நிலத்தின் மாதிரி வடிவங்களையும் வான் ஒளிப்படங்களையும் வைத்து மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்தவர்களைச் சேர வேண்டும்.

அறியாமல் இறங்கியவர்கள்

வோல்வேர்க் அதற்கு ஓராண்டு முன் சிசிலியிலும் கிளைடர் ஓட்டியவர். 1943 யூலை 9ஆம் நாள் இரவு அங்கே நடந்தது பேரழிவு. சிராகூஸ் நகருக்குத் தெற்கேயுள்ள பொன்டே கிராண்டே பாலத்தைப் பிடிக்க 144 கிளைடர்கள் வட ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டன. விமானிகளில் பெரும்பாலோருக்கு வாக்கோவில் போதிய பயிற்சி இல்லை. இழுத்துச் சென்ற விமானங்களில் பலவற்றின் ஓட்டிகள் போரை முன்பின் பார்த்தவர்களல்லர். கரையிலிருந்து பலத்த காற்று வீசியது. தரையிலிருந்து சூடு வந்தது. இருட்டில் கரை எவ்வளவு தூரம் என்பதைக் கணிக்க முடியாமல் பல கிளைடர்கள் கடலின் மேலேயே விடுவிக்கப்பட்டன. அறுபதுக்கும் மேற்பட்டவை கடலில் விழ, 250க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தார்கள். சாட்டர்டனே கடலில் விழுந்து நீந்திக் கரை சேர்ந்தார். பாலத்தின் அருகே திட்டப்படி இறங்கியது சார்ஜன்ட் கல்பின் ஓட்டிய ஒரேயொரு ஹோர்சா.

நோர்மண்டியில் அமெரிக்கர்களை வீழ்த்தியது வயல்வரப்பு வேலி. அங்குள்ள வயல்களைச் சுற்றிப் பல தலைமுறையாக வளர்ந்த வேலிகள், மண்மேட்டின் மேல் முதிர்ந்த மரங்களாக நின்றன. மேலிருந்து எடுத்த ஒளிப்படத்தில் அவை சிறு செடிவேலிகள் போலத் தெரிந்தன. 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் துணைத் தளபதி பிரிகேடியர் ஜெனரல் டொன் பிராட் அமர்ந்திருந்த கிளைடரை, அமெரிக்காவின் மிகத் தேர்ந்த கிளைடர் விமானிகளில் ஒருவரான மைக் மர்ஃபி ஓட்டினார். ஜெனரலின் பாதுகாப்புக்கென்று உள்ளே இரும்புத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. அந்த எடையால் வேகம் கூடியது. ஈரப்புல்லில் தடைக்கட்டை பிடிக்காமல் கிளைடர் வழுக்கிக்கொண்டு போய் வேலி மரத்தில் மோதியது. ஜெனரல் கழுத்து முறிந்து இறந்தார். மர்ஃபியின் கால்கள் இரண்டும் முறிந்தன. உயிரைக் காக்க வைத்த தகடே உயிரைப் பறித்தது.

1944 செப்டெம்பர் 17ஆம் நாள் தொடங்கிய ஆர்னம் நடவடிக்கை நடந்தது நெதர்லாந்தில். வேலணைத் தீவுக்கு லைடன் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் பெயரிட்ட ஒல்லாந்தரின் சொந்த மண் அது. பிடிக்க வேண்டிய பாலத்தின் அருகிலுள்ள தாழ்நிலம் கிளைடருக்கு ஏற்றதல்ல என்று திட்டமிட்டோர் முடிவு செய்து, இறங்குமிடத்தைப் பல கிலோமீற்றர் தள்ளி வைத்தார்கள். அப்பகுதியில் ஜெர்மன் டாங்கிகள் நிற்பதைக் காட்டிய ஒளிப்படங்களோடு எச்சரித்த புலனாய்வு அதிகாரி பிரையன் ஏர்க்கட், களைப்புற்றிருக்கிறார் என்று சொல்லி விடுப்பில் அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் அவரே ஐக்கிய நாடுகள் சபையின் துணைப் பொதுச் செயலாளராக உயர்ந்தார்.

கிளைடர்கள் இந்த முறை நன்றாகவே இறங்கின. ஆனால் இறங்கிய பிறகுதான் விமானிகளின் உண்மையான போர் தொடங்கியது. ஒஸ்டர்பேக் கிராமத்து வீடுகளிலும் தோட்டங்களிலும் அவர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் காலாட்படையாக நின்றார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கிளைடர் விமானிகள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களில் ஒருவர் லூயிஸ் ஹேகன். ஜெர்மனியில் பிறந்த யூதரான அவர், இளவயதில் நாசிகளின் வதைமுகாமில் இருந்தவர். இங்கிலாந்துக்கு அகதியாக வந்து, தாம் பிறந்த நாட்டின் படைக்கு எதிராகவே கிளைடர் ஓட்டினார். ஆர்னம் அனுபவத்தை அவர் எழுதிய நூல் போர் முடிந்த ஆண்டிலேயே வெளியானது. ஒரு விமானி, தெருச்சண்டையில் வீட்டுக்கு வீடு நகரும் காலாளாக மாறுவதை அது உள்ளிருந்து காட்டியது. தோல்விக்குப் பின் ஆர்னம் நகர மக்கள் அனைவரையும் ஜெர்மானியர் வெளியேற்றினார்கள். அந்தக் குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்து பட்டினியால் வாடியது.

ஆர்னமில் ஏற்பட்ட விமானிகளின் இழப்பை ஈடுசெய்ய, இயந்திர விமானம் ஓட்டப் பயின்ற பிரித்தானிய வான்படை இளைஞர்களைக் கிளைடருக்கு மாற்றினார்கள். 1945 மார்ச் 24ஆம் நாள் ரைன் நதியைக் கடந்தபோது கிளைடர் ஓட்டியவர்களில் பெரும்பகுதியினர் அவர்களே.

பர்மாக் காட்டில் ஓர் இரவு

நமக்கு மிக அருகில் நடந்த பெரிய கிளைடர் நடவடிக்கை 1944 மார்ச் 5ஆம் நாள் இரவுக்குரியது. பிரித்தானியத் தளபதி ஓர்ட் விங்கேட், தம் சிண்டிட் படையை வடபர்மாவில் யப்பானியரின் முதுகுப்புறத்தில் இறக்கத் திட்டமிட்டார். அதற்கென்றே அமெரிக்கர்கள் பிலிப் கொக்ரன், ஜோன் அலிசன் ஆகியோரின் தலைமையில் முதலாவது வான் கொமாண்டோப் பிரிவை உருவாக்கினார்கள். அசாமின் லாலாகாட் மைதானத்தில் கிளைடர்கள் வரிசையாக நின்றன. காட்டின் நடுவே தேர்ந்தெடுத்த வெட்டவெளிகளுக்கு பிராட்வே, பிக்கடிலி, சௌரிங்கி என்று பெருநகர வீதிகளின் பெயர்கள் வைக்கப்பட்டிருந்தன.

யப்பானியருக்கு ஐயம் வந்துவிடக்கூடாது என்பதற்காக அந்த இடங்களுக்கு மேலே யாரும் பறக்கக்கூடாது என்று விங்கேட் தடை விதித்திருந்தார். கொக்ரன் அதை மீறி ஓர் ஒளிப்பட விமானத்தை அனுப்பினார். புறப்படச் சிறிது நேரமே இருக்கும்போது படங்கள் வந்து சேர்ந்தன. பிக்கடிலி முழுவதும் பெரிய மரக்கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. எதிரி பொறி வைத்துவிட்டான் என்ற அச்சம் எழுந்தது. தளபதி ஸ்லிம், விங்கேட், படையணித் தலைவர் மைக்கல் கல்வேர்ட் ஆகியோர் அங்கேயே நின்று பேசி, எல்லாரும் பிராட்வேக்கே போவது என்று முடிவெடுத்தார்கள். பின்னர்தான் உண்மை தெரிந்தது. அது பொறியே அல்ல. பர்மிய மரவெட்டிகள் தேக்கு மரங்களை வெட்டி உலரப் போட்டிருந்தார்கள். படைத்தலைமை வெற்றிடம் என்று குறித்த தரை, யாரோ சிலர் நாளாந்தம் வேலை செய்யும் களமாக இருந்தது.

மாலை 6 மணி கடந்து முதல் டகோட்டா கிளம்பியது. ஒவ்வொன்றின் பின்னும் இரண்டு கிளைடர்கள். அவற்றில் பலவும் அளவுக்கு மீறிய சுமையோடு. மலைத்தொடரைத் தாண்டுவதற்கு உயரே ஏறும்போது கயிறுகள் அறுந்தன. புறப்பட்டவை அறுபதுக்கு மேல். பிராட்வேயை அடைந்தவை அவற்றில் ஏறக்குறைய பாதி. சில இந்தியப் பக்கத்திலும், வேறு சில யப்பானியர் வசமிருந்த காட்டிலும் விழுந்தன. அங்கும் இங்குமாக விழுந்த அந்தக் கிளைடர்களே, உண்மையான இலக்கு எது என்பதில் யப்பானியரைக் குழப்பின என்பது இந்த இரவின் விசித்திரம்.

பிராட்வேயில் எதிரி இல்லை. ஆனால் தரை காத்திருந்தது. யானைகள் பல காலம் தேக்கு மரங்களை இழுத்துச் சென்ற தடங்கள் ஆழமான பள்ளங்களாகி, மேலே புல் மூடிக் கிடந்தன. எந்த ஒளிப்படத்திலும் அவை தெரியவில்லை. முதலில் இறங்கிய கிளைடர்களின் சக்கரங்கள் அவற்றில் பிய்ந்துபோயின. அவற்றை அப்புறப்படுத்தும் முன்பே அடுத்தவை இருட்டிலிருந்து வந்தன. மேலே இருப்பவர்களைத் திருப்பி அனுப்ப வழியில்லை. கயிற்றை விட்டவர்களுக்கு இறங்குவதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மோதினார்கள். சுமார் 30 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதேயளவு பேர் காயப்பட்டார்கள். விமான ஓடுபாதை அமைக்க வந்த பொறியியலாளர் கப்டன் கேசியும் இறந்தவர்களில் ஒருவர்.

நள்ளிரவுக்குப் பின் கல்வேர்ட் வானொலியில் ‘சோயா லிங்க்’ என்ற குறிச்சொல்லை அனுப்பினார். படையினர் வெறுத்த சோயாத் தொத்திறைச்சியின் பெயர் அது. பொருள் தோல்வி, இனி யாரையும் அனுப்ப வேண்டாம். விடிந்தபின் ‘போர்க் சொசேஜ்’ என்ற நற்செய்தி வந்தது. கிளைடரில் வந்த சிறு புல்டோசரை வைத்து, கேசிக்கு அடுத்த நிலையிலிருந்த லெப்டினன்ட் பிராக்கட் ஒரே பகலில் ஓடுபாதையைச் சமன் செய்தார். அன்றிரவே டகோட்டாக்கள் இறங்கின. ஒரு வாரத்துக்குள் 9,000க்கும் மேற்பட்ட வீரர்களும் 1,300க்கும் மேற்பட்ட கோவேறு கழுதைகளும் மட்டக்குதிரைகளும் இறக்கப்பட்டன.

அந்த இரவில் கிளைடர் ஓட்டிய ஒருவரின் முகம் தமிழ் வாசகர்களுக்கும் பழக்கமானது. சார்லி சாப்ளினின் 1921ஆம் ஆண்டுப் படமான ‘த கிட்’டில் கிழிந்த உடையோடு வரும் சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்து கிளைடர் விமானியாகி பிராட்வேயில் இறங்கினார். போர் விமானம் ஓட்டிப் பெயர்பெற்ற அலிசனும் அன்று ஒரு கிளைடரைத் தாமே ஓட்டி வந்தார். இவர்களுக்கும், பெயர் பதியாமல் போன சக விமானிகளுக்கும் வாய்த்த தரை ஒன்றே.

கடிதம் வராத தீவுகளும் களம் காணாத படையும்

அந்தக் காலத்தில் நமது தீவுகளுக்குப் போர் வேறு வடிவில் வந்தது. வேலை தேடி மலாயாவுக்குப் போனவர்கள் தீவுப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றிலும் இருந்தார்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் கடிதமும் காசுக்கட்டளையும் நின்றன. மூன்றரை ஆண்டுகள் உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாமல் குடும்பங்கள் காத்திருந்தன. குடாநாட்டின் காங்கேசன்துறைப் பக்கத்தில் பிரித்தானிய வான்படை ஒரு விமானத்தளம் அமைத்தது. பின்னாளைய பலாலி அதுவே. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தது.

அந்தத் தலைமையகத்தின் எல்லைக்குள், 1944ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பீகாரின் பிக்ரம், பஞ்சாபின் பதேஜங் முதலிய இடங்களில் பிரித்தானியக் கிளைடர் அணிகள் ஆறு உருவாயின. 668 முதல் 673 வரை எண்ணிடப்பட்ட அவற்றில், வான்படை விமானிகளும் கிளைடர் படைப்பிரிவினரும் கலந்திருந்தார்கள். இந்திய வான்வழிப் படைப்பிரிவைத் தென்கிழக்காசியப் போர்க்களத்தில் இறக்குவதற்கென்று தயாராகியும் அவை ஒருமுறைகூடப் போருக்குப் போகவில்லை. 1945 ஓகஸ்டில் யப்பான் சரணடைந்தது. செப்டெம்பர் 9ஆம் நாள் மலாயாவில் பிரித்தானியர் கடல்வழியாகவே இறங்கினார்கள். கிளைடர் அணிகள் கலைக்கப்பட்டன. தீவுகளுக்குக் கடிதங்கள் மெல்ல மெல்ல மீண்டும் வரத் தொடங்கின.

கிளைடரின் வாரிசு யாழ்ப்பாணம் வந்தது

கிளைடரை ஒழித்த கருவியும் அதே பர்மாக் காட்டில்தான் முதன்முதலில் போருக்குள் வந்தது. கொக்ரனின் வான் கொமாண்டோப் பிரிவில் சில சிறு ஹெலிகொப்டர்கள் இருந்தன. 1944 ஏப்ரல் 25, 26ஆம் நாள்களில் லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன், விழுந்துவிட்ட சிறு விமானமொன்றின் ஓட்டியையும் காயப்பட்ட பிரித்தானியப் படையினர் மூவரையும் ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார். போர்க்களத்தில் ஹெலிகொப்டர் செய்த முதல் மீட்பு அது. இறங்கிய இடத்திலிருந்து மீண்டும் எழக்கூடிய இயந்திரம் வந்த பிறகு, கிளைடருக்கு இராணுவத்தில் வேலையில்லாமல் போனது. பிரித்தானியக் கிளைடர் படைப்பிரிவு 1957இல் கலைக்கப்பட்டது.

இயந்திரம் மாறியும் திட்டமிடும் மனப்பாங்கு மாறவில்லை என்பதற்கு 1987 ஒக்டோபர் 11ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்தில் நடந்தது சான்று. இந்திய அமைதிப்படை, விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்கில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எம்ஐ-8 ஹெலிகொப்டர்களால் படையினரை இறக்கியது. விளையாட்டு மைதானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மட்டுமே இறங்க முடிந்தது. வானொலித் தகவலை இடைமறித்திருந்த புலிகள் முன்பே காத்திருந்தார்கள். கொமாண்டோக்களைத் தொடர்ந்து 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேர் இறங்கினார்கள். அதன்பின் சேதமுற்ற ஹெலிகொப்டர்களால் வேறு யாரையும் கொண்டுவர முடியவில்லை. அந்த 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டார்கள், ஒருவர் பிடிபட்டார். அதே நாள்களில் அருகிலுள்ள கொக்குவில் பிரம்படிப் பகுதியில் பொதுமக்கள் பலர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். பிக்கடிலியின் மரக்கட்டைகளைக் கடைசி நேரத்தில் காட்டிக் கொடுத்த ஒளிப்படம் போன்ற ஒன்று இந்த இரவுக்கு வாய்க்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்துப் போர் நேராகத் தீவுகளுக்கே வந்தது. 1990 யூனில் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள்ளானது. யூலை 3ஆம் நாள் இலங்கை விமானப்படை ஹெலிகொப்டர், கடும் சூட்டுக்கிடையே கோட்டைக்குள் இறங்கிக் காயப்பட்டோரை ஏற்றிச் சென்றது. ஓகஸ்டில் படையினர் ஊர்காவற்றுறையையும் மண்டைதீவையும் கைப்பற்றினார்கள். செப்டெம்பர் 13ஆம் நாள் மண்டைதீவிலிருந்து கடல்நீரேரியைக் கடந்து கோட்டையை அடைந்தார்கள். 26ஆம் நாள் கோட்டையைக் கைவிட்டார்கள். இராணுவ வரலாற்றில் இது ஒரு மீட்பு நடவடிக்கை. மண்டைதீவு, அல்லைப்பிட்டி மக்களுக்கு அது பிள்ளைகள் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத மாதம். படைத்திட்டத்தில் கோட்டைக்குப் போகும் படிக்கல்லாக இருந்த தீவு, அங்கிருந்தவர்களுக்கு வீடும் வயலும் கோவிலுமாக இருந்தது. பர்மிய மரவெட்டிகளும் ஒஸ்டர்பேக் கிராமத்தவரும் நின்ற அதே வரிசையில் தீவுப்பகுதி மக்களும் சேர்ந்தார்கள்.

யார் எழுதிய வரலாறு?

கிளைடர் விமானிகளை வீரர்களாகப் போற்றுவதில் தவறில்லை. திரும்பி எழ முடியாது என்று தெரிந்தும் கயிற்றை விடுவித்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களின் கதைகள் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் வீரம் மட்டுமல்ல. படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் காக்கப்பட்டன. தப்பியவர்கள் நூல் எழுதினார்கள். அருங்காட்சியகங்கள் முதியவர்களின் குரலைப் பதிவு செய்தன. ஓர் ஒளிப்படம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எந்தக் கயிறு எங்கே அறுந்தது என்பதுவரை இன்று விவாதிக்க முடிகிறது. பிக்கடிலியில் தேக்கை உலரப்போட்ட மரவெட்டிகளில் ஒருவரின் பெயர்கூட அந்தப் பதிவுகளில் முக்கிய இடம் பெறவில்லை. தரையை அறிந்தவர்கள் அவர்களே. அவர்களிடம் அப்போதும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

நமது தீவுகளின் நிலைமையும் அதுதான். 1990ஆம் ஆண்டின் தரையிறக்கங்களைப் பற்றி விமானிகளும் தளபதிகளும் எழுதியவை உண்டு. அந்த நாள்களில் மண்டைதீவில், அல்லைப்பிட்டியில், வேலணையில், ஊர்காவற்றுறையில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் சொல்வது பெரும்பாலும் குடும்பங்களுக்குள்ளேயே பேச்சாக இருக்கிறது. அப்போது 30 வயதாக இருந்தவர்கள் இன்று 65ஐக் கடந்துவிட்டார்கள்.

கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இயங்கும் தீவக ஒன்றியங்கள் ஆண்டுதோறும் மலர்கள் வெளியிடுகின்றன. அவற்றில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் சிலவற்றை, முதியவர்களின் சாட்சியத்துக்கு ஒதுக்கலாம். எந்த நாள், எந்தத் திசையிலிருந்து விமானம் வந்தது, எந்த ஒழுங்கையால் ஓடினோம், யார் திரும்பி வரவில்லை என்பதை அவர்களின் சொல்லிலேயே ஒலிப்பதிவு செய்து, 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற பொதுக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய பணமோ பல்கலைக்கழகப் பட்டமோ தேவையில்லை. கைபேசியும் பொறுமையும் போதும். இந்தப் பத்தாண்டில் செய்யாவிட்டால், அந்தத் தரையின் வரலாற்றை மேலிருந்து பார்த்தவர்கள் மட்டுமே எழுதி முடித்திருப்பார்கள்.